பகடி என்று எல்லாவற்றையும் சொல்லலாமா? வியர்ட் அல் ரசிகர் சண்டைகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

2025 ஜூலையில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஒரு அக்கார்டியன்காரர் முதன்முறையாகத் தன் சொந்த நிகழ்ச்சியோடு மேடையேறினார். வயது 65. தோளில் புரளும் சுருட்டை முடி, கண்ணைப் பறிக்கும் ஹவாய் சட்டை. பெயர் வியர்ட் அல் யான்கோவிக். ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாட்டின் மெட்டை எடுத்து, வரிகளை மட்டும் மாற்றிச் சிரிக்க வைப்பவர் என்றுதான் வெளியே இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். பழைய ரசிகரிடம் போய் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

ரசிகர்களுக்குள்ளும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அவருடைய சிறந்த பாட்டு 'ஈட் இட்' மாதிரியான ஹிட்டா, அல்லது யாருடைய மெட்டும் இல்லாத 'ஆல்புகர்க்கி'யா? வீடியோவை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? சட்டம்தான் பகடிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறதே, அப்புறம் எதற்கு ஒவ்வொருவரிடமும் போய் அனுமதி கேட்கிறார்?

இந்தச் சண்டைகளில் பாதி, நான்கு வேறு சரக்குகளைப் 'பகடி' என்ற ஒரே பெயரில் கட்டி விற்பதால் வருகிறது. மீதிப் பாதி, சட்டம் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையால் வருகிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கழிவறையில் தொடங்கிய தொழில்

யான்கோவிக் 1959-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அக்கார்டியன் வகுப்பில் சேர்ந்தார். கல்லூரியில் படித்தது கட்டடக்கலை. 1979-இல் 'மை ஷரோனா' என்ற ஹிட் பாட்டைப் பதப்படுத்திய இறைச்சி பற்றிய 'மை பலோனி' ஆக மாற்றி, கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில் பதிவு செய்தார். அங்கே எதிரொலி நன்றாக வரும் என்பதுதான் காரணம். டாக்டர் டிமென்டோ என்ற வானொலி அறிவிப்பாளர் தன் நகைச்சுவைப் பாட்டு நிகழ்ச்சியில் அதை ஒலிபரப்பினார். அடுத்த ஆண்டு அதே நிகழ்ச்சியில் 'அனதர் ஒன் ரைட்ஸ் த பஸ்' பாட்டை நேரலையில் பாடினார். தாளத்துக்கு அக்கார்டியன் பெட்டியைத் தட்டிய ஜான் ஷ்வார்ட்ஸ்தான் இன்றுவரை அவர் குழுவின் டிரம்மர்.

1983 முதல் 2014 வரை 14 ஆல்பங்கள், ஐந்து கிராமி விருதுகள். பின்னணிக்கு இவ்வளவு போதும்.

நான்கு சரக்கு, ஒரே பெயர்

1. நேர்ப் பகடி. ஒரு குறிப்பிட்ட பாட்டின் மெட்டு, வாத்திய அமைப்பு, பாடகரின் குரல் வளைவு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு வரிகளை மட்டும் புதிதாக எழுதுவது. 'ஈட் இட்', 'ஃபேட்', 'அமிஷ் பாரடைஸ்', 'வைட் அண்ட் நெர்டி' எல்லாம் இதில் சேரும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஓடியவை பெரும்பாலும் இவைதான்.

2. பாணிப் பகடி. எந்தப் பாட்டையும் எடுக்காமல், ஒரு கலைஞரின் மொத்தப் பாணியை மட்டும் பிடித்துப் புதுப் பாட்டு கட்டுவது. மெட்டு யான்கோவிக்குடையது. ஆனால் கேட்டவுடன் 'இது இன்னார் பாட்டாச்சே' என்று தோன்றும். எந்தப் பாட்டு என்றுதான் சொல்ல முடியாது. டீவோ குழுவின் பாணியில் வந்த 'டேர் டு பி ஸ்டூபிட்' (1985) இதற்கு நல்ல உதாரணம். பாட்டு அத்தனை அழகாக வந்திருப்பதாகவும் அதற்காகவே அவரை வெறுப்பதாகவும் டீவோவின் மார்க் மதர்ஸ்பா வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

3. போல்கா கலவை. அந்தந்த ஆண்டின் பெரிய ஹிட்டுகளில் இருந்து இரண்டிரண்டு வரி எடுத்து, வரிகளை மாற்றாமல், அக்கார்டியனில் குதியாட்டம் போடும் போல்கா தாளத்தில் ஓட்டுவது. இங்கே மாறுவது சொல் இல்லை, கதி. ரத்தம் கொதிக்கும் மெட்டல் பாட்டு திடீரென்று கல்யாண வீட்டு பேண்டு வாத்தியமாகிவிடும். சிரிப்பு அதில்தான்.

4. தனிப் பாட்டு. யாரையும் குறிப்பாகச் சாராத நகைச்சுவைப் பாட்டு. பாணிப் பகடிக்கும் இதற்கும் எல்லைக்கோடு எங்கே என்பதே தனிச் சண்டை. 1999-இல் வந்த 'ஆல்புகர்க்கி' 11 நிமிடத்துக்கு மேல் ஓடும். ஹிட் ஆக வேண்டும் என்று எழுதியது அல்ல. கேட்பவரை எரிச்சலூட்டவே அதை அவ்வளவு இழுத்தார். தீவிர ரசிகர்களுக்கோ அதுதான் தேசிய கீதம்.

ஐந்தாவதாக ஒரு வகையும் இருக்கிறது: அவர் பாடாத பாட்டு. இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பரிமாறிக்கொண்ட 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகைச்சுவையாக எந்தப் பாட்டு கிடைத்தாலும் அதன் தலையில் அவர் பெயரை ஒட்டிவிட்டார்கள். கெட்ட வார்த்தை நிறைந்த பாட்டுகளும் அப்படி அவர் கணக்கில் ஏறின. யான்கோவிக் கெட்ட வார்த்தையைத் தவிர்ப்பதில் கறாரானவர். அதனால் 'இது அவர் பாட்டு இல்லை' என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு வாய் வலித்தது.

ஓர் எழுத்து விலகினால் போதும்

நேர்ப் பகடியை 'வரியை மாற்றிப் பாடுவது' என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். தேர்தல் சமயத்தில் சினிமா மெட்டில் வேட்பாளரைப் புகழும் பாட்டும் அதைத்தான் செய்கிறது. வித்தியாசம் நெருக்கத்தில் இருக்கிறது.

மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' என்ற தலைப்பில் இருந்து 'ப்' என்ற மெய்யை மட்டும் உருவுங்கள். 'ஈட் இட்' வந்துவிடும். இடத்தை விட்டு ஓடிப்போ என்ற பொருளில் தொடங்கிய சொல், ஒரே ஒலி விலகியதும், சாப்பிடு என்று ஆகிவிட்டது. அசை எண்ணிக்கை மாறவில்லை, உயிரொலி மாறவில்லை, அழுத்தம் விழும் இடமும் மாறவில்லை. மூலத்தில் தெருச் சண்டைக்குப் போகாதே என்று எச்சரிக்கும் குரல், இங்கே தட்டில் இருப்பதை மிச்சம் வைக்காதே என்று பிள்ளையை மிரட்டும் குரல். மிரட்டல் அதே மிரட்டல். கேட்பவரின் காது மூலப் பாட்டை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசி நொடியில் சொல் கால் வழுக்கும். அந்த வழுக்கல் எவ்வளவு சின்னதோ, சிரிப்பு அவ்வளவு பெரிது.

மடோனாவின் 'லைக் எ வர்ஜின்', 'லைக் எ சர்ஜன்' ஆனதும் (1985) அதே கணக்கில்தான். கன்னி போல என்பது அறுவை மருத்துவர் போல என்று ஆகிவிட்டது. அந்தத் தலைப்பை யோசித்தது மடோனாவே. தோழியோடு நடந்துபோகும்போது, 'அவர் எப்போது இதைச் செய்யப்போகிறார்' என்று சொன்னது சுற்றிச் சுற்றி யான்கோவிக் காதுக்கு வந்து சேர்ந்தது. வெளியில் இருந்து வரும் யோசனைகளைப் பொதுவாக அவர் எடுப்பதில்லை.

பாணிப் பகடியின் உழைப்பு வேறு மாதிரி. ஒரு கலைஞரின் பாட்டுகளை எல்லாம் கேட்டு, அவருக்கே தெரியாத பழக்கங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். டோர்ஸ் பாணியில் வந்த 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' பாட்டுக்கு டோர்ஸ் குழுவின் ரே மன்சரெக்கே வந்து கீபோர்டு வாசித்தார். பென் ஃபோல்ட்ஸ் பாணியில் வந்த பாட்டுக்குப் பியானோ வாசித்தவர் பென் ஃபோல்ட்ஸ்.

என் கணக்கில் இந்த வகையின் உச்சம் 'பாப்' (2003). பாப் டிலனின் வரிகள் பாதிப் பேருக்குப் புரியாது, ஆனாலும் ஆழமாக இருப்பதாகத் தோன்றும். யான்கோவிக் என்ன செய்தார்? டிலனின் மூக்கடைத்த குரல், ஹார்மோனிகா, ஓட்டமான கிதார் எல்லாவற்றையும் வைத்து, பாட்டு முழுக்க மாலைமாற்றாகவே எழுதிவிட்டார். ஒவ்வொரு வரியும் பின்னாலிருந்து படித்தாலும் அதே வரி. தேவாரத்தில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடிய அதே வித்தை. ஆங்கில எழுத்தில் 'பாப்' என்ற பெயரும் திருப்பிப் போட்டால் பாப்தான். அர்த்தம் இல்லாத வரிகளைக் கேட்கிறவர் 'டிலன் என்னவோ பெரிசாகச் சொல்கிறார்' என்று தலையாட்டுவார். ரகசியம் தெரிந்தவர் சிரிப்பார். விகடகவி என்ற சொல்லே திருப்பிப் படித்தாலும் மாறாதது என்பது இங்கே தற்செயலாக வந்து பொருந்துகிறது.

வீடியோ: பாட்டுக்குத் துணையா, பாட்டுக்கே முதுகெலும்பா?

பாட்டு வீடியோக்களையே ஓட்டிய எம்டிவி தொலைக்காட்சி 1981-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒரு ஹிட் பாட்டு என்றால் காதில் மட்டும் இல்லை, கண்ணிலும் இருந்தது. பகடி செய்கிறவருக்கு இதனால் கிடைத்த லாபம் பெரிது: கேலி செய்ய இன்னொரு அடுக்கு.

'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா' (1992) வீடியோவை எடுத்துக்கொள்வோம். மூல வீடியோ எடுத்த அதே படப்பிடிப்புத் தளம். துடைப்பத்தோடு ஆடும் துப்புரவுத் தொழிலாளியாக அதே நடிகர். பாட்டின் பொருளோ, நிர்வானா பாடகர் கர்ட் கோபேன் பாடுவது ஒரு எழவும் புரியவில்லை என்பது. நடுவில் யான்கோவிக் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டே பாடுகிறார். அனுமதி வாங்கிய கதை இன்னும் நன்றாக இருக்கும். கோபேனைப் பிடிக்க முடியாமல், அவர் சாட்டர்டே நைட் லைவ் என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு வந்திருந்த நேரத்தில், அங்கே நடிகையாக இருந்த தோழியை விட்டு அவர் கையில் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னார். சாப்பாட்டைப் பற்றிய பாட்டா என்று கோபேன் கேட்டார். இல்லை, உங்கள் வரி யாருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றி என்றார் இவர். கோபேன் சிரித்து, சரி என்றார்.

'ஃபேட்' (1988) வீடியோவுக்கு ஜாக்சன் தன் படத்துக்காகப் போட்ட சுரங்க ரயில் நிலைய அரங்கையே பயன்படுத்தக் கொடுத்தார். அதற்குக் கிடைத்த கிராமி வீடியோவுக்கான விருது, பாட்டுக்கு அல்ல. வீடியோ கட்சிக்காரர்கள் இதை அடிக்கடி மேசையில் தூக்கிப் போடுவார்கள்.

'அமிஷ் பாரடைஸ்' (1996) வீடியோவில் ஒரு காட்சி. குதிரைவண்டி, வைக்கோல், கறுப்புத் தொப்பி போட்ட ஊர். யான்கோவிக் தாடியோடு முன்னால் நடந்து வருகிறார், பின்னால் உலகமே பின்னோக்கி ஓடுகிறது. உண்மையில் பின்னோக்கி நடந்தது அவர்தான். வரிகளைத் தலைகீழாக மனப்பாடம் செய்து வாயசைத்து, பிறகு படச்சுருளைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். மூன்று நான்கு நொடிச் சிரிப்புக்கு அந்த உழைப்பு.

இதனால் வரும் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சட்டகத்துக்குச் சட்டகம் நகலெடுத்த வீடியோ, மூல வீடியோ தெரிந்தவருக்கு மட்டும்தான் முழுதாகச் சிரிக்கும். 1984-இல் 'பீட் இட்' வீடியோவைப் பார்க்காத அமெரிக்கப் பிள்ளைகள் குறைவு. இன்று 15 வயதுப் பிள்ளை 'ஈட் இட்' பார்த்தால், யாரோ ஒருவர் சாப்பாட்டுக்காக ஏன் சிவப்புச் சட்டை போட்டு ஆடுகிறார் என்று விழிக்கலாம். பாணிப் பகடி கட்சிக்காரர்களின் வலுவான வாதம் இதுதான்: 'எங்கள் பாட்டுக்கு உரை தேவையில்லை.' ஆனால் அதே கட்சியின் செல்லப்பிள்ளையான 'பாப்' பாட்டுக்கும், டிலன் சந்தில் நின்று அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடும் பழைய காட்சியை அப்படியே நகலெடுத்துத்தான் வீடியோ செய்தார்கள் என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள்.

அனுமதி: ரசிகர்கள் தப்பாகப் பிடித்துக்கொண்ட இடம்

'அமெரிக்காவில் பகடிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. யான்கோவிக் மரியாதைக்காகத்தான் கேட்கிறார்.' விவாதங்களில் பொன்மொழி மாதிரிச் சுற்றும் வாக்கியம் இது. பாதி உண்மை. அடுத்த பாதி எங்கே சறுக்குகிறது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஒருவர் பாட்டை இன்னொருவர் அப்படியே பாடிப் பதிவு செய்ய அமெரிக்காவில் ஆசிரியரின் சம்மதம் தேவையில்லை. கட்டாய உரிமம் என்ற ஏற்பாடு உண்டு. நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். ஆனால் வரிகளை மாற்றினால் அது வேறு படைப்பாகிவிடும், அந்த உரிமம் செல்லாது.

2. அப்போது மிச்சம் இருக்கும் கதவு 'நியாயப் பயன்பாடு'. விமர்சனம், ஆய்வு, செய்தி போன்றவற்றுக்காகப் பிறர் படைப்பில் ஒரு பகுதியை அனுமதியின்றி எடுக்கலாம் என்ற விதிவிலக்கு. நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: எதற்காக எடுத்தீர்கள், மூலம் எப்படிப்பட்டது, எவ்வளவு எடுத்தீர்கள், மூலத்தின் சந்தைக்கு என்ன பாதிப்பு.

3. 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. டூ லைவ் க்ரூ என்ற ராப் குழு, ராய் ஆர்பிசனின் 'ஓ, ப்ரெட்டி உமன்' பாட்டைக் கேலியாக மாற்றிப் பாடியது. உரிமை வைத்திருந்த நிறுவனம் அனுமதி மறுத்தும் வெளியிட்டார்கள், வழக்கு வந்தது. பகடி நியாயப் பயன்பாடாக இருக்க முடியும், காசு சம்பாதித்தாலும்கூட, என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

4. பொன்மொழிக்காரர்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது. மூலப் படைப்பையே கேலி செய்தால் அது பகடி. அதைச் செய்ய மூலத்தை எடுத்தே ஆக வேண்டும். மூலத்தை வெறும் வாகனமாக்கிக்கொண்டு வேறு எதையோ கேலி செய்தால் அது அங்கதம்; அதற்கு மற்றவர் மெட்டு ஏன் வேண்டும் என்று தனியாக நியாயம் சொல்ல வேண்டும். 2023-இல் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டது.

இப்போது அவர் பாட்டுகளை இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் நிறுத்திப் பாருங்கள். 'ஸ்மெல்ஸ் லைக் நிர்வானா' நிர்வானாவையே கேலி செய்கிறது, பத்திரமான பக்கம். லேடி காகாவின் உடைகளைக் கேலி செய்யும் 'பர்ஃபார்ம் திஸ் வே'யும் ஏறக்குறைய அங்கேதான். 'ஈட் இட்' எதைக் கேலி செய்கிறது? சாப்பாட்டை. 'அமிஷ் பாரடைஸ்'? மின்சாரம் வேண்டாம் என்று வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகத்தை. 'வைட் அண்ட் நெர்டி'? கணினிப் பைத்தியங்களை. மூலப் பாட்டின் வீராப்பையும் மறைமுகமாகக் கிண்டல் செய்கிறது என்று ஒரு வக்கீல் சுற்றி வளைத்து வாதாடலாம்தான். ஆனால் சட்டப்படி மிகவும் பலவீனமாக நிற்பவை, அவரை உலகப் புகழ் ஆக்கிய பாட்டுகளே. அனுமதி கேட்பதில் மரியாதையும் இருக்கிறது, முன்ஜாக்கிரதையும் இருக்கிறது. அனுமதி வாங்கும்போது மூலப் பாட்டை எழுதியவருக்கு ராயல்டியிலும் பங்கு போகிறது. பல பேர் சம்மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுத்தவர்கள், குழம்பியவர்கள்

மறுத்தவர் பட்டியலில் தலைவர் பாடகர் பிரின்ஸ். பல முறை கேட்டும் ஒரு முறைகூடச் சம்மதிக்கவில்லை. பால் மெக்கார்ட்னி தன் பாட்டு 'சிக்கன் பாட் பை' ஆவதை மறுத்தார், அவர் சைவம் என்பதால். யான்கோவிக்கும் பின்னாளில் சைவத்துக்கு மாறியவர்தான், கோபப்படவில்லை. ஜாக்சன்கூட 'பிளாக் ஆர் வைட்' பாட்டை மட்டும் கொடுக்கவில்லை. அதன் செய்தி கேலியில் கரைந்துவிடக்கூடாது என்று நினைத்தார். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பாட்டுக்கு மார்க் நாஃப்ளர் வைத்த நிபந்தனை விசித்திரமானது: கிதாரை நானே வந்து வாசிப்பேன்.

அதிகம் விவாதிக்கப்படுவது ராப் பாடகர் கூலியோ விவகாரம். 'அமிஷ் பாரடைஸ்' பாட்டுக்கு மூலமான அவருடைய 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' 1995-இல் வந்தது. அதுவே ஸ்டீவி வொண்டரின் 1976 பாட்டு ஒன்றின் மேல் கட்டியது. கூலியோ சம்மதித்துவிட்டார் என்று இசை நிறுவனம் யான்கோவிக்கிடம் சொன்னது. பகடி வெளிவந்த பிறகு, நான் அனுமதிக்கவே இல்லை என்று கூலியோ பகிரங்கமாகக் கோபப்பட்டார். யான்கோவிக் மன்னிப்புக் கடிதம் எழுதினார். அதிலிருந்து கலைஞரிடமே நேராகக் கேட்கப் பார்ப்பது என்று பழகிக்கொண்டார். பத்தாண்டு கழித்து இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று கோபப்பட்டது முட்டாள்தனம் என்று கூலியோ பிற்பாடு சொன்னார். அவர் 2022-இல் காலமானார்.

ஜேம்ஸ் பிளன்ட் விஷயத்தில் நேர் எதிர். பாடகர் சரி என்றார், அவருடைய நிறுவனமான அட்லாண்டிக் வேண்டாம் என்றது. யான்கோவிக், பிளன்ட் பாட்டின் பகடியான 'யூ ஆர் பிட்டிஃபுல்' பாட்டை ஆல்பத்தில் சேர்க்காமல் 2006-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார். அதே ஆண்டு வந்த 'வைட் அண்ட் நெர்டி' வீடியோவில், அவர் விக்கிப்பீடியாவில் அந்த நிறுவனத்தின் பக்கத்தைத் திருத்தி வசை எழுதும் காட்சி சில நொடி வந்துபோகும். அந்தப் பாட்டுதான் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் ஒன்பதாம் இடம் பிடித்து, முதல் பத்துக்குள் போன அவருடைய ஒரே பாட்டாக இருக்கிறது.

லேடி காகா கதையில் (2011) மேலாளர் வேண்டாம் என்றார். யான்கோவிக் பாட்டை இணையத்தில் விட்டார். அப்புறம் பார்த்தால் காகாவுக்கு விஷயமே போகவில்லை. கேட்டவுடன் சம்மதித்தார்.

'கலைஞர் மறுத்தார்' என்று ரசிகர்கள் சொல்லும்போது, மறுத்தது பாடகரா, மேலாளரா, இசை நிறுவனமா என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பாட்டு உரிமை வேறு, படத்தோடு சேர்க்கும் உரிமை வேறு

ரசிகர்களை ரொம்பக் குழப்பியது ராப் பாடகர் எமினெம் விவகாரம். 2003-இல் 'லூஸ் யுவர்செல்ஃப்' பாட்டைச் சோபாவில் கிடந்து தொலைக்காட்சி பார்ப்பவனின் புலம்பலாக மாற்ற எமினெம் ஒத்துக்கொண்டார். வீடியோவுக்கு மட்டும் முடியாது என்றார். பாட்டை விட்டவர் வீடியோவை ஏன் தடுக்க வேண்டும்?

பதிவு செய்து விற்பது ஓர் உரிமை. அதையே ஓடும் படத்தோடு இணைப்பது தனி உரிமை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மறுக்கலாம். கண்ணால் பார்க்கும் கேலி தன் பிம்பத்தைக் குலைத்துவிடும் என்பது எமினெமின் கவலை. பாட்டுக்குப் பயப்படாதவர் வீடியோவுக்குப் பயந்தார் என்பதே, வீடியோ கட்சிக்குக் கிடைத்த இன்னொரு சாட்சியம். பழிவாங்கலாக, எமினெமின் பழைய பேட்டித் துண்டுகளை வெட்டி ஒட்டித் தான் அவரைப் பேட்டி எடுப்பது போல ஒரு போலி நிகழ்ச்சி செய்தார் யான்கோவிக்.

பாணிக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாதா?

பாணிப் பகடிக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, ராயல்டி முழுதும் அவருக்கே. காப்புரிமை குறிப்பிட்ட வெளிப்பாட்டுக்குத்தான், பாணிக்கு இல்லை என்பது அடிப்படை விதி. இந்த விதி லேசாக ஆட்டம் கண்டதும், யான்கோவிக் பகடி செய்த ஒரு பாட்டின் வழியாகத்தான்.

2014-இல் ராபின் திக்கின் 'ப்ளர்ட் லைன்ஸ்' பாட்டை, இலக்கணப் பிழை விடுபவர்களைத் திட்டும் 'வேர்ட் க்ரைம்ஸ்' ஆக மாற்றினார். ஆங்கில ஆசிரியர்கள் கொண்டாடினார்கள். எழுத்துப் பிழையைக் கேலி செய்வது மேட்டிமைத்தனம் என்று மொழியியலாளர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வரியில் வந்த ஒரு சொல் பிரிட்டனில் உடற்குறை உள்ளவர்களை இழிவுபடுத்தும் சொல் என்று தெரிந்ததும் மன்னிப்பும் கேட்டார்.

அடுத்த ஆண்டு மூலப் பாட்டே கூண்டில் ஏறியது. 1977-இல் வந்த மார்வின் கே பாட்டு ஒன்றின் 'உணர்வை' எடுத்துவிட்டதாக அவர் குடும்பம் தொடுத்த எதிர்வழக்கில் ஜூரி குடும்பத்தின் பக்கம் நின்றது. இழப்பீடு பிறகு சுமார் 53 லட்சம் டாலராகக் குறைந்தது. 2018-இல் மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. மெட்டு ஒன்றாக இல்லாவிட்டாலும் மொத்த வாசனை ஒன்றுபோல இருந்தால் மாட்டிக்கொள்ளலாமோ என்று இசையமைப்பாளர்கள் பயந்தார்கள். 'வாசனையைப் பிடிப்பது' என்பதுதான் பாணிப் பகடியின் முழு வரையறையும். யான்கோவிக் மீது யாரும் பாயவில்லை; டீவோவும் டோர்ஸும் கௌரவமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாணிப் பகடி முழுப் பாதுகாப்பு என்று 2014-க்கு முன் சொன்ன அளவுக்கு இப்போது அடித்துச் சொல்ல முடியாது.

கடைசிச் சண்டை மேடையில்

2014-இல் 'மேன்டட்டரி ஃபன்' ஆல்பம் வந்தபோது, இசை நிறுவனம் வீடியோவுக்குப் பணம் தரவில்லை. யான்கோவிக் நகைச்சுவைத் தளங்களையும் செய்தித் தளங்களையும் தனித்தனியாகப் பிடித்து, ஆளுக்கொரு வீடியோவுக்குச் செலவு செய்ய வைத்து, எட்டு நாளில் எட்டு வீடியோ வெளியிட்டார். ஆல்பங்களுக்கான தரவரிசையான பில்போர்டு 200-இல் அது முதலிடத்தில் அறிமுகமானது. ஒரு நகைச்சுவை ஆல்பம் அந்த இடத்தைப் பிடித்தது 1963-க்குப் பிறகு அதுவே முதல் முறை. வீடியோ கட்சி ஜெயித்துவிட்டது என்று தோன்றியது.

2018-இல் அவர் கிளம்பிய சுற்றுப்பயணத்துக்கு, 'விவேகமில்லாத தற்பெருமைப் பயணம்' என்ற பொருளில் அவரே பெயர் வைத்தார். 77 நிகழ்ச்சிகள். திரை இல்லை, வேடம் இல்லை, 'ஃபேட்' பாட்டுக்குப் போடும் பெரிய ரப்பர் தொப்பை இல்லை. சின்ன அரங்குகளில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பாணிப் பகடிகளையும் தனிப் பாட்டுகளையும் பாடினார். ஹிட்டுகளை எல்லாம் ஒரே கலவையாகச் சுருட்டிக் கடைசியில் வைத்துவிட்டார். பாதி ரசிகர்கள் பல்லாண்டுத் தவம் பலித்தது என்றார்கள். 'ஈட் இட்' பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களுக்கு நிலைமை வேறு. 2022-இல் அதே பாணியில் இன்னொரு முறை போனார். 2025-இல் திரையும் வேடமும் திரும்ப வந்தன.

அந்த 2018 பயணத்தில் ஒவ்வொரு இரவும் கடைசியை ஒட்டி ஒரு பழைய ராக் பாட்டைப் பாடுவார். 77 இரவுக்கும் வேறு வேறு பாட்டு. வரி அப்படியே, மெட்டு அப்படியே, குழு மூலத்தில் உள்ளபடியே வாசிக்கும். ஒரு சொல்கூட மாறாது. அதற்கும் அவர் யாரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மேடையில் பாடுவதற்கான உரிமத்தை அரங்கங்களே மொத்தமாக வாங்கி வைத்திருக்கும்.